கொடைக்கானலில் உட்கார்ந்து போட்ட கடல் திட்டம்

வெள்ளி

வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தியபோதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. தம்பி துபாயில் இருந்து குடும்பத்தோடு லீவில் வந்திருக்கிறான். இங்கே பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை. எல்லாருமாகச் சேர்ந்து மதுரையில் இருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பியாயிற்று. வண்டியில் வரும்போது, மார்ச்சில் வரப்போகிற பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று என் மகளைக் கேட்டான். வாட்ச், மிஞ்சினால் ஒரு டேப்லெட் என்று நினைத்திருப்பான். அவள், "டால்பினோட நீந்தணும் மாமா" என்றாள்.

"அவ்வளவுதானே? துபாய்க்கு வா. குளத்துலயே இருக்கு. இடுப்பளவு தண்ணிதான். அதுவே பக்கத்துல வந்து கன்னத்துல முத்தம் கொடுக்கும். போட்டோ எடுத்துக் கையில கொடுத்துருவாங்க."

என் வீட்டுக்காரர் டீயை ஊதிக்கொண்டே, "குளத்துலயா?" என்று மட்டும் கேட்டார். அவர் ரயில்வேக்காரர். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வேலை. பாம்பன் பக்கம் ஓங்கில் கூட்டமாகப் போவதைப் பலமுறை பார்த்தவர். ராமநாதபுரம் கரையில் டால்பினுக்கு ஓங்கில் என்றுதான் பேர். அந்த ஒற்றைக் கேள்விக்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. அதுவே தம்பிக்கு உறுத்தியிருக்க வேண்டும், மலை ஏறி முடிக்கிற வரைக்கும் குளத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இ-பாஸ் இல்லாமல் மேலே விடமாட்டார்கள். உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த ஏற்பாடு. வீட்டிலேயே பதிவு செய்துகொண்டு வந்துவிட்டால் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற வேனில் இருந்து ஒரு பெட்டி தண்ணீர் பாட்டிலை இறக்கச் சொல்லி, அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது.

பெருமாள்மலை தாண்டியதும் பனிமூட்டம். தங்குகிற வீடு நாயுடுபுரம் பக்கம். ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, கம்பளிக்குள் புகுந்து இதை எழுதுகிறேன்.

சனி

இன்றைக்குப் போனது டால்பின் மூக்குக்கு. கடலில் இல்லை, வட்டக்கானலில். வெட்டவெளியில் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பாறைக்கு டால்பின் நோஸ் என்று பேர். குன்னூரில் ஒன்று இருக்கிறது, விசாகப்பட்டினத்தில் ஒன்று இருக்கிறது. விசாகப்பட்டினத்துப் பாறையாவது கடலைப் பார்த்து நிற்கிறது. ஏழாயிரம் அடி மலையில் வந்து நின்றுகொண்டு கடல் பிராணியின் மூக்கை நினைத்த வெள்ளைக்காரருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ.

வட்டக்கானலில் வண்டியை விட்டுவிட்டு இறங்க வேண்டும். மண்பாதை. வழி முழுக்க மரவேர்கள்தான் படிக்கட்டு. இறங்கும்போது எல்லாருக்கும் சிரிப்பாக இருக்கும். திரும்பி ஏறும்போது எலுமிச்சை டீக்கடை எங்கே என்று கண் தேடும். பாறையில் தடுப்புக் கம்பி கிடையாது. நுனிக்குப் போய் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. மருமகனை, அதாவது தம்பி மகனை, கையைப் பிடித்தபடியே வைத்திருந்தேன். ஆறு வயது. கையை விட்டால் மூக்கின் நுனியில் நிற்பான்.

மேகம் விலகிய கொஞ்ச நேரத்தில் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெரிந்தது. அதே பாதையில் இன்னும் கீழே இறங்கினால் வெள்ளகவி. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளத்தில் இருந்து கொடைக்கானலுக்கு ஆளும் சரக்கும் ஏறி வந்த வழி அதுதான். வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போடமாட்டார்கள். ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. அங்கே போக ஆசைதான், ஆனால் தம்பி மனைவியின் முழங்கால் டீக்கடையோடு போதும் என்று சொல்லிவிட்டது.

அந்த டீக்கடையில்தான் பஞ்சாயத்து. மகள் செல்போனில் மாமன் சொன்ன குளத்தின் வீடியோவைக் காட்டினாள். டால்பின் தண்ணீரில் நிமிர்ந்து நின்று தலையாட்டியது. "எவ்வளவு சந்தோஷமா சிரிக்குது பாருங்கம்மா" என்றாள்.

அது சிரிப்பு இல்லை, தாடையின் அமைப்பே அப்படி என்றேன். வலியோடு இருந்தாலும், செத்துக் கரை ஒதுங்கினாலும் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். முகத்துத் தசையை அசைத்துக் காட்ட டால்பினால் முடியாது. தம்பிக்கு எரிச்சல். "அக்கா, பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது. நீ பாடம் எடுக்குற."

எடுக்க வேண்டியிருக்கிறதே. நம் ஊரிலேயே நடந்த கதை இருக்கிறது. 1998-ல் சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் டால்பின் காட்சி ஒன்றைத் திறந்தார்கள். பல்கேரியாவில் இருந்து கொண்டுவந்த டால்பின்கள். ஆறு மாதத்துக்குள் செத்துப்போயின. நாட்டில் அப்போது இருந்தது அது ஒன்றுதான். அப்புறம் கொச்சி உள்பட வேறு சில ஊர்களில் கட்டுவதற்குத் திட்டம் போட்டபோது எதிர்ப்பு கிளம்பி, 2013 மே மாதத்தில் மத்திய அரசு எந்த மாநிலமும் டால்பின் காட்சிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு இந்தியாவில் காசு கொடுத்துக் குளத்து டால்பினைப் பார்க்க ஒரு இடமும் கிடையாது. அதனால்தான் நம் ஆட்கள் துபாய்க்கும் தாய்லாந்துக்கும் போகிறார்கள்.

"அங்கே இருக்கறதெல்லாம் குளத்துலயே பொறந்ததாம் அக்கா. கடலைப் பார்த்ததே இல்லை. அதுக்கு ஏக்கம் எங்கேர்ந்து வரும்?"

எல்லாமே அப்படி இல்லை. 2007-ல் சாலமன் தீவுகளில் பிடித்த 28 டால்பின்களை விமானத்தில் ஏற்றித் துபாய்க்குக் கொண்டுபோனது அப்போது உலகம் முழுக்கச் செய்தி. குளத்தில் பிறந்ததாகவே இருக்கட்டும். கூட்டத்துக்குள் ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென ஒரு விசில் உண்டு, பேர் மாதிரி. ஒரே தொட்டியில் இருந்து பிறகு வேறு வேறு ஊருக்குப் பிரித்து அனுப்பப்பட்ட டால்பின்களுக்குப் பழைய கூட்டாளியின் விசிலைப் பதிவு செய்து போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இருபது வருடம் கழித்தும் சில டால்பின்கள் அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தன. 2013-ல் வெளியான ஆய்வு அது. என்னைக் கேட்டால், கடலைப் பார்த்ததில்லை என்பதை விட, இப்படி மாற்றி மாற்றி அனுப்புவதுதான் பெரிய கொடுமை.

மகள் கேட்டாள்: "அப்போ அது ஏன் முத்தம் கொடுக்குது?"

இதற்கு என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். "பயிற்சி கொடுக்கறவர் இடுப்புல ஒரு வாளி தொங்கும் பாரு. அதுல மீன் இருக்கும்."

மகள் வீடியோவை மறுபடி ஓட்டினாள். வாளி இருந்தது. ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு மீன். அதற்கு அப்புறம் அவள் துபாய் என்று சொல்லவில்லை. மாமனுக்குத்தான் மனம் ஆறவில்லை.

சாயங்காலம் திரும்பும்போது நாயுடுபுரம் திருப்பத்தில் வண்டிகள் நின்றன. காட்டுமாடு. கொடைக்கானல்காரர்களுக்கு இது புதிதில்லை, ராத்திரியானால் வீட்டு வாசலுக்கே வரும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் தாங்கவில்லை. ஒரு காரில் இருந்து நாலு பையன்கள் இறங்கி செல்போனைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனார்கள். இன்னொரு கார் ஹார்ன் அடித்தது. மாடு தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது. எங்கள் வண்டியில் இருந்து முதலில் இறங்கிக் கத்தியது யார் தெரியுமா? தம்பிதான். "தம்பிகளா, பின்னால வாங்க! வழியை விடுங்க, அதுவா போகும்!" பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கினார்கள். மாடு நிதானமாக ரோட்டைக் கடந்து ஒரு ஓட்டல் தோட்டத்துக்குள் போனது. சாவகாசமாக செவ்வந்திச் செடி மேய்ந்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் சந்தை. சுத்துப்பட்டு மலைக்கிராமத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். மலைப்பூண்டு வாங்காமல் திரும்பினால் மதுரையில் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு இது, 2019-ல். விலை கேட்டால் தலை சுற்றும், ஆனால் சமவெளிப் பூண்டு நாலு போடுகிற இடத்தில் இது ஒன்று போதும். கேரட்டும் பீன்ஸும் வாங்கிக்கொண்டோம்.

ஓரத்தில் கருவாடு விற்கிற அம்மா ஒருவர். நெத்திலி, வாளை, காரல் எல்லாம் கூடையில். பேச்சைக் கேட்டதும் வீட்டுக்காரர், "எந்த ஊரும்மா, ராம்நாடு பக்கமா?" என்றார். பிறந்தது கடற்கரையில், வாக்கப்பட்டது மலையடிவாரத்தில் என்றார் அந்த அம்மா. மகள் விடுவாளா? ஓங்கில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டாள்.

"பாக்காம என்ன. எங்கய்யாவோட வள்ளத்துல போகையில கூடவே வரும். அது வந்தா அந்தப் பக்கம் மீனு இருக்குன்னு சொல்லுவாக. வலையில மாட்டுச்சுனா அறுத்து விட்டுருவாக. வலை போனாலும் போகட்டும்னு. எல்லாரும் அப்படின்னு சொல்ல மாட்டேன், எங்கய்யா அப்படித்தேன்."

"அதோட நீந்தணும்னு எனக்கு ஆசை."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ நீந்துவ. அது உனக்காக நிக்கணுமே. அது இங்கிட்டு முங்கி அங்கிட்டுப் போயி எந்திரிக்கும். நீ ஒரு எட்டு வைக்குமுன்ன ஊர் எல்லையத் தாண்டிரும்." நெத்திலியைப் பொட்டலம் கட்டியபடியே, "வள்ளத்துல சும்மா உக்காந்திரு. அதுக்குத் தோணுச்சுனா வந்து எட்டிப் பாக்கும்" என்றார்.

ராத்திரி கணப்புப் பக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்து கடல் பக்கம் என்ன வழி என்று பார்த்தோம். தம்பிக்கு இப்போது உற்சாகம் திரும்பிவிட்டது. குளம் வேண்டாம், சரி, காட்டு டால்பின் இருக்கிற இடமாகப் பார்ப்போம் என்று செல்போனோடு உட்கார்ந்தான். முதலில் கண்ணில் பட்டது மொரீஷியஸ். மேற்குக் கரையில் தமரின் விரிகுடா, காலையில் படகில் கூட்டிப்போய் டால்பின்களுக்கு நடுவில் இறக்கிவிடுகிறார்கள். படங்கள் எல்லாம் பிரமாதம்.

ஆனால் ஏன் காலையில், ஏன் அந்த விரிகுடா? இதைத்தான் போகிறவர்கள் கேட்பதில்லை. அங்கே கரைக்கு வருவதில் பெரும்பாலும் ஸ்பின்னர் டால்பின்கள், தண்ணீரில் இருந்து எழும்பிப் பம்பரமாகச் சுழலுமே அவை. ராத்திரி முழுக்க ஆழ்கடலில் சின்ன மீன், கணவாய் என்று வேட்டை. ஆழத்தில் கிடக்கிற அந்த இரை எல்லாம் இருட்டிய பிறகுதான் மேலே வரும். விடிந்ததும் டால்பின்கள் அலையில்லாத, வெள்ளை மணல் தரையுள்ள ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து ஓய்வெடுக்கின்றன. மணல் தரை ஏன் என்றால், சுறா வந்தால் கண்ணுக்குத் தெரியும். மூளையில் ஒரு பாதி தூங்க, மறுபாதி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொள்ளும். கூட்டமாக நெருங்கி, சத்தமில்லாமல், மெதுவாகப் போய் வந்துகொண்டிருக்கும். நாம் போய்க் குதிப்பது அந்த நேரத்தில்தான். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவன் வீட்டில் விருந்தாளிக் கூட்டம் புகுந்தால் எப்படி இருக்கும்?

"என் பழைய ரூம்ல தினம் நடந்துச்சே" என்றான் தம்பி. அவன் குடும்பத்தைக் கூட்டிப்போவதற்கு முன்னால் எட்டுப் பேரோடு ஒரே அறையில் இருந்தவன். இந்த விஷயம் மட்டும் அவனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஹவாயில் இதே காரணத்துக்காக 2021-ல் சட்டமே வந்தது. கரையில் இருந்து இரண்டு கடல் மைலுக்குள் ஸ்பின்னர் டால்பினுக்கு 50 கெஜத்துக்கு உள்ளே நீந்தியும் போகக் கூடாது, படகிலும் போகக் கூடாது. நியூசிலாந்தில் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் பாட்டில்நோஸ் டால்பின்களோடு நீந்த 2019-ல் தடை போட்டார்கள். இருபது வருடத்தில் அங்கே வருகிற டால்பின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அந்த நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையே சொன்னது. குட்டிகள் பிழைப்பதும் குறைந்துபோனது. யாரும் அவற்றைக் கொல்லவில்லை. எல்லாரும் அன்பாகப் பார்க்கத்தான் போனார்கள்.

தம்பி மனைவி அதுவரை பேசாமல் பிள்ளைக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தவள், "அப்போ நேத்து அந்தப் பசங்க மாட்டுகிட்ட போனாங்களே, அதே கதைதானே அண்ணி?" என்றாள். தம்பி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, வேற என்ன இருக்கு சொல்லுங்க" என்றான்.

வேறு என்ன என்றால், பக்கத்தில் இருப்பதுதான். என் வீட்டுக்காரருக்கு இப்போதுதான் நேரம் வந்தது. நம் மன்னார் வளைகுடாவிலேயே பாட்டில்நோஸ், ஸ்பின்னர், முதுகில் திமிலுள்ள ஹம்ப்பேக் வகை எல்லாம் உண்டு. 1986-ல் இருந்து 21 தீவுகளோடு அது கடல்வாழ் தேசியப் பூங்கா. ஆனால் டால்பினைக் காட்டுகிறேன், இறங்கி நீந்து என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு என்ன இடமோ, டால்பினுக்கும் அதே முதல் அட்டவணை. துரத்தினாலும் தொந்தரவு செய்தாலும் குற்றம். தற்செயலாகப் படகின் பக்கம் வந்தால் பார்க்கலாம். அது அதிர்ஷ்டம்.

நிச்சயமாகப் பார்க்க வேண்டுமானால் கற்பிட்டி என்றார். இலங்கையில், புத்தளம் பக்கம். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. பவளத்திட்டுக்கு வெளியே ஸ்பின்னர் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் போகும். மார்ச் வாக்கில் ஸ்பெர்ம் திமிங்கிலம்கூட வரும். மதுரையில் இருந்து கொழும்புக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். படகுக்காரர்கள் தமிழ் பேசுகிறவர்கள். துபாய் டிக்கெட் விலையில் பாதிகூட ஆகாது என்று தம்பியே கணக்குப் போட்டுச் சொன்னான்.

"ஆனா நீந்த முடியாதே" என்று மகள் முகத்தைத் தொங்கப் போட்டாள்.

நீந்தலாம், டால்பின்மேல் போய் விழக் கூடாது, அவ்வளவுதான். அங்கே பார் ரீஃப் என்று பெரிய பவளத்திட்டு இருக்கிறது. 1992 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2016-ல் கடல் சூடாகிப் பவளம் நிறைய வெளுத்துச் செத்தது, முன்னைப் போல் வண்ணம் இருக்காது. ஆனாலும் முகமூடி மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தால் மீன்கள் நிறைய. காலையில் படகில் டால்பின், கடல் அனுமதித்தால் அப்புறம் திட்டில் நீச்சல். டால்பின் இருக்கிற அதே கடலில்தானே நீந்துகிறாய் என்றேன். அது நான் கண்டுபிடித்த சமாதானம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாஸ்க் வாங்கித் தருவீங்களா மாமா?" என்றாள்.

திங்கள்

மாஸ்க் வாங்கித்தர மார்ச் வரை காத்திருக்க அவன் ஆள் இல்லை. துபாயில் இருந்து வரும்போதே பெட்டியில் இரண்டு கொண்டுவந்திருக்கிறான், பிறந்த நாளுக்கு இல்லாவிட்டாலும் பாம்பனுக்காவது ஆகும் என்று. காலையில் புல்லில் வெள்ளையாக உறைபனி, வெளியே தலை காட்ட முடியவில்லை. அதனால் நீச்சல் வகுப்பு குளியலறையில், வெந்நீர் நிறைந்த பெரிய பக்கெட்டில்.

மகள் மதுரையில் நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டவள்தான். ஆனால் ஸ்நார்க்கல் குழாய் வேறு விஷயம். மூக்கு முழுக்க மாஸ்க்குக்குள் அடைபட்டிருக்கும், வாயால்தான் மூச்சு. முகத்தைத் தண்ணீரில் வைத்த முதல் நொடியில் உடம்பு மூக்கால் இழுக்கப் பார்க்கும், மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், பயம் வந்துவிடும். பயத்தில் தலையைத் தூக்குவதுதான் எல்லாரும் செய்வது. பழகிவிட்டால் ஒன்றுமில்லை. அடுத்தது, குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியே தள்ள வேண்டும். இந்த ஊதலைத்தான் காலை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார் வீட்டுக்காரர். மருமகனும் பக்கெட்டுக்குள் தலையை விட்டு ஊதினான். குளியலறைக் கூரை வரை தண்ணீர். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏரிக்குப் போய்ப் படகு ஓட்டுங்க சார், இது எதுக்கு" என்றார்.

ஏரிக்கும் போனோம். 1863-ல் லெவிஞ்சு என்கிற மதுரை கலெக்டர் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி. கூட்டம் தாங்கவில்லை, சோளம் சுட்டது மட்டும் நன்றாக இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சாயங்காலம்தான் முக்கியமான வேலை. மண்டபத்தில் கூட வேலை பார்த்த நண்பர் மூலமாகக் கற்பிட்டிப் படகுக்காரர் ஒருவரின் நம்பர் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டோம். என்னென்ன கேட்க வேண்டும் என்று மகள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். டால்பினைப் பார்த்ததும் எஞ்சினை என்ன செய்வீர்கள்? கூட்டத்துக்கு முன்னால் போவீர்களா, பக்கவாட்டிலா? குட்டி இருந்தால்? ஒரே நேரத்தில் எத்தனை படகு இருக்கும்? லைஃப் ஜாக்கெட் சின்னப் பையன் அளவில் உண்டா?

அந்த மனிதர் பொறுமையாகப் பதில் சொன்னார். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் அதே திசையில் போவாராம். குறுக்கே போவதில்லை, சுற்றி வளைப்பதில்லை. குட்டியோடு இருந்தால் ஒதுங்கிவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், கொழும்புக் கூட்டம் வரும், படகுகள் கூடிவிடும், கிழமை நாளில் வாருங்கள் என்று அவரே சொன்னார். அது எனக்குப் பிடித்தது. வியாபாரம் செய்கிறவர் கூட்டத்தைக் குறைத்துச் சொல்வது அபூர்வம்.

தம்பி சும்மா இருப்பானா? "அண்ணே, கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தா ஒரு அஞ்சு நிமிஷம் பிள்ளையைத் தண்ணில இறக்கிக் காட்ட முடியுமா?"

"இல்ல தம்பி. பாய விடமாட்டம். உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும். அதோட நடுக்கடல், ஆழம். பிள்ளைக்கு என்னவும் ஆச்சுதெண்டா?"

தம்பி என்னைப் பார்த்துக் கையை விரித்தான். மகள் தாளில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்: கடல் மயக்கம் வந்தால் என்ன செய்வது?

செவ்வாய்

மூட்டை கட்டியாயிற்று. இறங்கும் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தச் சொல்லி மருமகன் அழுதான், நிறுத்தினோம், குரங்கு அவன் கையில் இருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டு போனது. அழுகை இரட்டிப்பு.

வண்டியில் வைத்து மீதித் திட்டமும் முடிந்தது. மகளுக்கு முதலில் கடல் தண்ணீரில் பழக்கம் வேண்டும், நேராகக் கற்பிட்டியில் கொண்டுபோய் இறக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் தீர்ப்பு. அதற்கு ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரான பிரப்பன்வலசை. ஆழமில்லாத கடல், ஸ்நார்க்கலும் கயாக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இப்போது போகக் கூடாது. வாடைக்காற்று அடிக்கிற வரை வடகடல் பக்கம் கலங்கலாக இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிப்ரவரி கடைசியில் காற்று அடங்கிய பிறகு ஒரு சனி, ஞாயிறு. கூடவே காரங்காட்டில் வனத்துறைப் படகில் சதுப்புநிலக் காடும் பார்த்துவிடலாம், ரயில் டிக்கெட்டுக்குச் செலவும் இல்லை என்றார். ரயில்வே பாஸ் அவர் வைத்திருக்கிறார், நாங்கள் அல்லவா டிக்கெட் எடுக்க வேண்டும் என்றான் தம்பி.

கற்பிட்டி மார்ச் மூன்றாவது வாரம், கிழமை நாள். முழு ஆண்டுப் பரீட்சை ஏப்ரலில்தான், பள்ளிக்கூடத்தில் லீவு கேட்பது என் பொறுப்பு. செலவில் பாதி மாமன் சீர். தம்பி துபாயில் இருந்து நேராகக் கொழும்புக்கு வந்துவிடுவான். அவன் மனைவிக்கு நீச்சல் தெரியாது, அவள் படகில் உட்கார்ந்து மருமகனைப் பிடித்துக்கொள்வாள். படகுக்காரர் காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்கிறார், முந்தின ராத்திரியே அங்கே தங்க இடம் பார்க்க வேண்டும். கடல் மோசமாக இருந்தால் போகமாட்டார், அதற்காக ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருக்கச் சொன்னார்.

மகளுக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை. வத்தலக்குண்டில் மறுபடி டீக்கு நிறுத்தியபோது விண்ணப்பத்தைச் செல்போனிலேயே நிரப்பிவிட்டாள். மதுரை பாஸ்போர்ட் சேவை மையத்தில் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து தவறாக இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வார்கள் என்று வியாழக்கிழமைதான் தெரியும்.